வீடு வாங்கியாயிற்று, அப்புறம்? சொந்த வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்த் தெருக்களில் குடியிருப்போர் நலச் சங்க வேலையைப் பார்ப்பவன் என்ற முறையில், பட்டாவிலிருந்து முருங்கைப் புழு வரை எல்லாச் சந்தேகங்களும் என்னிடம் வந்து சேர்கின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே வைத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை. கட்டண விகிதங்களை அரசு மாற்றிக்கொண்டே இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரயப் பத்திரம் என் பெயரில் பத்திரமாக இருக்கிறது. பட்டா எதற்கு?

பத்திரம் பதிவுத்துறையைச் சேர்ந்தது, பட்டா வருவாய்த்துறையைச் சேர்ந்தது. விற்றவர் தன் உரிமையை உங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று பத்திரம் சொல்கிறது. அந்த நிலத்துக்குத் தீர்வை கட்ட வேண்டியவர் யார் என்று அரசு தன் கணக்கில் எழுதி வைத்திருப்பது பட்டா. வழக்கு என்று வந்தால் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்களும்தான் உரிமையை நிலைநாட்டும். பட்டா மட்டுமே உரிமை ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

அப்படியானால் பட்டா வேண்டாமா என்றால், வேண்டும். வங்கிக் கடன், கட்டட அனுமதி, சாலை விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்தால் கிடைக்கும் இழப்பீடு எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் பெயர் ஏறாதவரை அரசுக் கணக்கில் பழைய உரிமையாளரின் பெயரே நிற்கும். அவர் காலமான பிறகு அந்தப் பழைய பட்டாவைக் காட்டி வாரிசுகள் அதே மனைக்கு இன்னொருவரிடம் முன்பணம் வாங்குவது இந்தப் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி அல்ல.

கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம், மட்டும் வேறு. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களிடம் பெரும்பாலும் பத்திரமே இருக்காது. நத்தம் பட்டாதான் முதல் ஆவணம். அப்படிப்பட்ட வீட்டை வாங்குகிறவர்கள் அது தற்காலிகமான தோராயப் பட்டாவா இறுதியான தூய பட்டாவா என்று பார்க்க வேண்டும்.

பட்டாவில் பரப்பு "0 – 2.23" என்று போட்டிருக்கிறது. நான் வாங்கியது ஒரு கிரவுண்ட். மீதி எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. பட்டாவில் முதல் எண் ஹெக்டேர், இரண்டாவது ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,076 சதுர அடி. 2.23 ஏர் என்றால் 2,400 சதுர அடி. அதுதான் ஒரு கிரவுண்ட். சென்ட் கணக்கில் பேசுபவர்களுக்கு: ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் ஐந்தரை சென்ட்டுக்குச் சற்றே கூடுதல்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். பத்திரத்தில் 2,400 என்று இருந்து பட்டாவில் 2.10 ஏர் மட்டும் ஏறியிருந்தால், உங்களுக்கு 140 சதுர அடி குறைகிறது. மனைப்பிரிவின் சாலைக்குப் போய்விட்டதா, பக்கத்து மனையில் சேர்ந்துவிட்டதா என்பது நில அளவையர் வந்து புல வரைபடத்தை வைத்து அளந்தால்தான் தெரியும். சுற்றுச்சுவர் எழுப்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

பத்திரம் பதிவானால் பட்டா தானாகவே மாறிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரு சர்வே எண்ணோ உட்பிரிவோ முழுவதும் உங்களுக்கு விற்கப்பட்டு, பட்டாவும் விற்றவர் பெயரிலேயே இருந்தால், பதிவு முடிந்ததும் கணினி வழியாகவே பெயர் மாறும் ஏற்பாடு இருக்கிறது. நம் பக்கத்து மனைகள் பெரும்பாலும் அப்படி இல்லை. பெரிய வயல் ஒன்றை நாற்பது மனையாகப் போட்டு விற்றிருப்பார்கள். சர்வே எண் ஒன்றுதான், பட்டா பழைய விவசாயியின் பெயரில் கூட்டுப் பட்டாவாக நிற்கும். அதில் உங்கள் பங்கை உட்பிரிவு செய்து புது எண் கொடுத்தால்தான் தனிப் பட்டா கிடைக்கும். அதற்கு விண்ணப்பமும் நில அளவையரின் நேரடி அளவையும் தேவை. இ-சேவை மையத்திலோ நீங்களே இணையத்திலோ விண்ணப்பிக்கலாம்; விண்ணப்ப எண்ணை வைத்திருங்கள்.

நிராகரித்துவிட்டார்கள் என்றால் அதோடு முடிந்துவிடுவதில்லை. வட்டாட்சியரின் உத்தரவை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணத்தைவிட ஒரு மேல்முறையீட்டு மனு மலிவு.

இணையத்தில் தேடும்போது ஒரு சின்னச் சிக்கல். 2019 இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பல்லாவரம், வண்டலூர் என்று புது வட்டங்களும் இங்கே உண்டு. உங்கள் பத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருப்பதால் பத்திரம் செல்லாமல் போய்விடாது. ஆனால் பட்டாவை இன்றைய மாவட்டம், இன்றைய வட்டத்தின் கீழ்தான் தேட வேண்டும். "என் நிலத்தையே காணவில்லை" என்று பதறி வருபவர்களில் பலருக்குப் பதில் இதுதான்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. தைரியமாக வாங்கலாம்தானே?

வில்லங்கச் சான்று, பதிவு அலுவலகத்தின் புத்தகத்தில் ஏறியதை மட்டுமே சொல்லும். பதிவு செய்யாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு, உரிமையாளர் இறந்ததால் வாரிசுகளுக்கு வந்துசேர்ந்த உரிமை எதுவும் அதில் தெரியாது.

இன்னொன்று, கேட்ட எண்ணுக்குத்தான் பதில் வரும். பழைய சர்வே எண்ணில் பதிவான அடமானம், புது உட்பிரிவு எண்ணில் தேடினால் கண்ணில் படாமல் போகலாம். இரண்டு எண்களிலும் தேடுங்கள். உங்கள் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்ததா என்றும் விசாரியுங்கள். இணையத்தில் பொதுவாக 1975 க்குப் பிந்தையது கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். முப்பது ஆண்டு போதும் என்பது தரகர்கள் சொல்லும் கணக்கு. நிலம் கைமாறிய சங்கிலி எங்கே தொடங்குகிறதோ அதுவரை போவதே நல்லது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" மனை என்று சொல்லித்தான் விற்றார்கள். அது போதாதா?

போதாது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் சென்னைப் பெருநகர எல்லைக்குள் சி.எம்.டி.ஏ.வுக்கும் (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வெளியே டி.டி.சி.பி.க்கும் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) உரியது. ஊராட்சித் தலைவரின் முத்திரை விழுந்த வரைபடம் அந்த ஒப்புதல் ஆகாது. விவசாய நிலங்கள் கண்மண் தெரியாமல் மனைகளாவதைப் பார்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் இப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. பிறகு ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்த அரசு 2017 இல் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 20-10-2016 அன்றோ அதற்கு முன்போ பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தங்கள் மனை வரன்முறை செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். செய்யவில்லை என்றால் கட்டட அனுமதியிலும் கடனிலும் மறுவிற்பனையிலும் அது குறுக்கே நிற்கும்.

எங்கள் தெரு முன்பு ஏரி என்கிறார் ஒரு பெரியவர். பயப்பட வேண்டுமா?

அவர் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் உங்கள் சர்வே எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் எத்தனை ரசீது வைத்திருந்தாலும் நிலைக்காது. ஏரிக்குக் கீழே அதன் நீர் பாய்ந்த வயல் (ஆயக்கட்டு நஞ்சை) என்றால் உரிமையில் குறையில்லை, தண்ணீர்தான் பழைய வழியைத் தேடி வரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். அங்கெல்லாம் வீட்டுத் தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்பதைப் பத்திரத்துக்கு இணையாகப் பாருங்கள்.

சொத்து வரி ரசீது என் பெயரில் வருகிறது. அது உரிமைக்குச் சான்றுதானே?

இல்லை. வரி கட்டினீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. ஆனாலும் அதை உங்கள் பெயரில் வைத்திருப்பது அவசியம். அனுபவத்தில் இருந்தீர்கள் என்று காட்ட உதவும்.

வரி ஆண்டுக்கு இரண்டு தவணை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஒவ்வொரு அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். 2022 இல் வரி ஒரேயடியாக ஏறியபோது பரப்பளவுதான் ஏற்றத்தை முடிவு செய்தது. ஆகவே உங்கள் கட்டடப் பரப்பு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகின. பழைய ரசீதில் உள்ள வரிவிதிப்பு எண்ணும் புதியதும் வேறாக இருக்கலாம். பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டையும் இணைத்துக் காட்ட அவைதான் உதவும்.

மின் இணைப்பு இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. மின்சாரம் வருகிறது, பில் கட்டுகிறேன். என்ன குறை?

விளக்கு எரியக் குறையில்லை. கூரையில் சூரிய மின் தகடு வைக்கப் போகும்போது குறை தெரியும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் வருகிறது. விண்ணப்பம் மின் இணைப்பு எண்ணைத் தொட்டுத்தான் நகர்கிறது. இணைப்பில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர் என்றால் அங்கேயே முட்டிக்கொள்ளும். பத்திர நகல், வரி ரசீதோடு பெயர் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

தகடு வைப்பது லாபமா என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அவசரமே இல்லை. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டுபவர்களுக்குத்தான் இது பேசும். 501ஆவது யூனிட் ஓடினால், கீழ்ப் படியில் மலிவாகக் கிடைத்த யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும் வகையில்தான் நம் கட்டண அட்டவணை இருக்கிறது. ஒரு கிலோவாட் நல்ல வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும், 100 சதுர அடி நிழலில்லாத இடம் கேட்கும். தகடு வைத்த பிறகு தளத்தைச் செப்பனிடுவது பெரும்பாடு, ஆகவே ஒழுகல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மாடித் தோட்டம் போட்டால் தளம் ஒழுகும் என்று மேஸ்திரி பயமுறுத்துகிறார். உண்மையா?

தோட்டத்தால் தளம் ஒழுகுவதில்லை, தேங்கும் நீரால்தான் ஒழுகும். மொட்டை மாடியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மழைநீர்க் குழாயை நோக்கி ஓடினால் வாட்டம் சரி. நடுவில் குளம் கட்டினால் முதலில் வாட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையும் குழாயின் வாயும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. பெரும்பாலான ஒழுகல் அங்கேதான் தொடங்குகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய தளங்கள் இதைவிட நன்றாகத் தாங்கின. அந்த வேலை தெரிந்த ஆட்கள்தான் இப்போது அருகிவிட்டார்கள்.

பைகளைத் தரையில் நேராக வைக்காமல் தாங்கிகளின் மேல் வையுங்கள், அடியில் காற்றும் துடைப்பமும் போக இடம் இருக்கட்டும். வெறும் செம்மண் நனைந்தால் கனம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்தால் எடை குறையும், ஈரமும் நிற்கும். பெரிய தொட்டிகளை உத்தரமும் சுவரும் இருக்கும் ஓரங்களில் நிறுத்துங்கள். விதைப்பதற்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் நம் முன்னோர் சொன்னதுதான். சென்னைப் பக்கத்தில் ஐப்பசி அடைமழையில் தக்காளி நாற்று விடுவது வீண் வேலை. கீரை, வெண்டை, கத்தரியில் தொடங்குங்கள். மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

தென்னை ஓலை எல்லாம் கரி பூசியது போல் கறுத்துவிட்டது. மரம் செத்துவிடுமா?

சாகாது. ஓலையின் அடியில் பாருங்கள், வெள்ளை மெழுகுச் சுருள்கள் சுருள் வட்டமாக ஒட்டியிருக்கும். அது சுருள் வெள்ளை ஈ. 2016 இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டுப் பிறகு எங்கும் பரவியது. அது வடிக்கும் தேன் போன்ற கழிவின் மேல் கரும்பூசணம் வளர்கிறது, கறுப்பு அதனால்தான். கீழே நிற்கும் கொய்யாவும் வாழையும் காரும்கூடக் கறுக்கும்.

கடும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயை அழிக்கும் 'என்கார்சியா' என்ற குளவியும் அதில் செத்துவிடும், அடுத்த மாதம் ஈ இரட்டிப்பாகத் திரும்பும். தண்ணீரை வேகமாக ஓலையின் அடியில் பீய்ச்சுங்கள். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகல மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள். கறுப்பு படிந்த ஓலைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் கரைத்துத் தெளித்தால் காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு போகும்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. வெட்டிவிடலாமா?

வேண்டாம். பகலில் அவை அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்போதே நீண்ட கழியில் துணிப்பந்தம் சுற்றிக் காட்டினால் முடிந்தது. சுவருக்கும் மின்கம்பிக்கும் அருகில் இருந்தால் நெருப்பு வேண்டாம், சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். முழுக்கைச் சட்டை முக்கியம்.

பக்கத்து வீட்டு மரத்தின் கிளை என் மொட்டை மாடியில் படர்ந்து இலை கொட்டுகிறது. நானே வெட்டலாமா?

முதலில் பேசுங்கள். இந்த வகைச் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இலை காரணமே அல்ல, பத்து ஆண்டுக்கு முந்தைய வண்டி நிறுத்தும் தகராறு காரணம். உங்கள் எல்லைக்குள் வந்த கிளை உங்களுக்குத் தொல்லை என்று எழுத்தில் ஒருமுறை தெரிவித்துவிட்டு, அவர் சம்மதத்தோடு எல்லைக்கு உட்பட்டதை மட்டும் வெட்டுவது நல்லது. அவர் மனைக்குள் கால் வைத்து வெட்டாதீர்கள். கிளை மின்கம்பியைத் தொட்டால் மின்வாரியத்தில் சொல்லுங்கள், அரிவாளோடு நீங்கள் ஏற வேண்டாம். வெட்டச் சொல்லிக் காத்திருக்கக் கூடாத ஒரே மரம், உங்கள் சொந்தச் சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று. வேரோடு பிடுங்காவிட்டால் சுவர் போய்விடும்.

மழைநீர் சேகரிப்பு இருக்கிறது, ஆனால் கிணற்றில் நீர் ஏறவே இல்லை.

2003 இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது வரி அலுவலருக்குக் காட்டுவதற்காகவே பல வீடுகளில் ஒரு குழாயைத் தரைக்குள் சொருகி வைத்தார்கள். உங்களுடையது அந்த ரகமா என்று தோண்டிப் பாருங்கள். வடிகட்டும் குழியில் கூழாங்கல்லும் மணலும் சேறு பிடித்திருந்தால் புரட்டாசியிலேயே வெளியே எடுத்துக் கழுவிப் போட வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழிக்குத் திருப்புங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு கணக்கு: 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் பெய்யும் ஊரில் அது 1,30,000 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்குபவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டை வாடகைக்கு விடுகிறேன். பதினொரு மாத ஒப்பந்தம் போதும்தானே?

அது பழைய பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதைத் தவிர்க்க வந்த ஏற்பாடு. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம், காலம் எதுவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முன்பணத்துக்கு அது வைக்கும் பொது அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் கேட்பவர்கள் இதைப் படிக்கட்டும். பதிவு எண் இல்லாவிட்டால், நாளைக்குக் காலி செய்யாத குடித்தனக்காரர் மேல் வழக்குப் போடும்போது உங்களுக்கே இடறும்.

வீட்டுக் கடனை அடைத்துவிட்டேன். வங்கியில் பத்திரத்தை வாங்கிக்கொண்டால் வேலை முடிந்ததா?

முடியவில்லை. கடன் வாங்கியபோது பத்திரத்தை ஒப்படைத்ததாக ஓர் ஆவணம் பதிவாகியிருக்கும், அது வில்லங்கச் சான்றில் நிற்கும். கடன் தீர்ந்ததற்கு வங்கி சார்பில் ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் அது தீரும். பல ஆண்டு கழித்து விற்கப் போகும்போது, வாங்குபவர் "இன்னும் கடன் இருக்கிறதே" என்று கேட்பார். அப்போது அந்த வங்கிக் கிளையே வேறு வங்கியோடு இணைந்திருக்கும்.

பத்திரத்தைத் திருப்பித் தர ரிசர்வ் வங்கி வைத்த கெடு 30 நாள். 2023 டிசம்பர் முதல் நடைமுறை. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும், தொலைத்திருந்தால் நகல் எடுக்கும் செலவும் அவர்களுடையதே. பட்டியலை ஒப்பிட்டு, தாய்ப் பத்திரம் ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். வீடு அம்மாவுக்கும் எனக்கும்தானே? அக்காவுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே.

நகை கணக்கில் சேராது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா தானே சம்பாதித்து வாங்கிய வீடு, மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவின் தாயார் ஆகியோருக்குச் சமமாகப் போகும். பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை இல்லை என்று இன்னும் சொல்பவர்கள், தமிழ்நாடு 1989 லேயே சட்டம் திருத்தியதையும் நாடு முழுவதும் 2005 இல் அது வந்ததையும் அறியாதவர்கள். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வாரிசு விதிகள் வேறு.

முதலில் இறப்புச் சான்று, பிறகு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று. அதை வைத்துப் பட்டாவில் எல்லா வாரிசுகளின் பெயரும் கூட்டாக ஏறும். ஒருவர் பெயரில் மட்டும் வேண்டும் என்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும், அல்லது எல்லாரும் சேர்ந்து பாகப்பிரிவினை செய்துகொள்ள வேண்டும்.

அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறார். பட்டாவை மட்டும் என் பெயருக்கு மாற்றிவிட்டால் பிறகு யார் கேட்பார்கள்?

அக்கா கேட்பார். முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்: பட்டா உரிமையை உண்டாக்காது. அவரை மறைத்து வாங்கிய பட்டாவைக் கோட்டாட்சியரிடம் முறையிட்டு நீக்க முடியும், பாகம் கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போகவும் முடியும். வாரிசுச் சான்றில் ஒரு பெயரை விட்டால் பொய் உறுதிமொழி என்ற குற்றமும் சேரும். பங்குக்கு ஈடாக என்ன தர முடியும் என்று உட்கார்ந்து பேசுவதே மிச்சம்.

உயில் எழுதலாமா, செட்டில்மெண்ட் செய்யலாமா? எது நல்லது?

செட்டில்மெண்ட் என்பது விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம், பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். நெருங்கிய குடும்பத்தாருக்குள் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். வெளியாளுக்கு விற்றால் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டால் இது மலிவு. அந்த மலிவுதான் பலரை அவசரப்படுத்துகிறது. கொடுத்த பிறகு மனம் மாறினால் ஒருதலையாக ரத்து செய்ய இயலாது.

உயில் உங்கள் ஆயுளுக்குப் பிறகே செயல்படும், எத்தனை முறையும் மாற்றலாம். வெள்ளைத் தாளில் எழுதி, நீங்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்தால் பிறகு "இது அவர் கையெழுத்தே அல்ல" என்ற வாதம் வலுவிழக்கும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

பிள்ளைகள் வற்புறுத்தி செட்டில்மெண்ட் கேட்கிறார்கள் என்றால், என் யோசனை: ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கவும் வாடகை பெறவும் உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு எழுதுங்கள். கவனித்துக்கொள்வதற்காகவே தருகிறேன் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேருங்கள். 2007 ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின்கீழ், கவனிக்காமல் விட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிபந்தனை எழுத்தில் இருந்தால் அங்கே வாதாட வேண்டிய தேவை குறையும்.

அசல் பத்திரம் தொலைந்துவிட்டது. வீடே போய்விட்டதா?

இல்லை. பதிவான ஆவணத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். அதற்கு முன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்குங்கள். நாளிதழில் விளம்பரமும் தேவைப்படும். விற்கும் நேரத்தில் தேட ஆரம்பிக்காமல் இன்றே பீரோவைத் திறந்து பாருங்கள்.

அப்பா 1988 இல் வாங்கிய வீட்டை இப்போது விற்கிறோம். வந்த பணம் முழுவதற்கும் வரியா?

லாபத்துக்கு மட்டுமே. வாரிசாக வந்த சொத்துக்கு அப்பா வாங்கிய விலையே உங்கள் அடக்கவிலை. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியது என்பதால், 1-4-2001 அன்று இருந்த சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம், மதிப்பீட்டாளர் அறிக்கை உதவும். 2024 ஜூலை 23 க்கு முன் வாங்கிய வீடுகளுக்கு, இந்தியாவில் வசிப்பவர்கள் இரண்டு வழியில் எது குறைவோ அதைக் கட்டலாம்: பணவீக்கச் சரிக்கட்டு (அடக்கவிலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவது) இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டிய பின் 20 சதவீதம். லாபத்தைப் போட்டு இரண்டு ஆண்டுக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடுவது இன்னொரு வழி.

நான்கு வாரிசுகள் விற்றால் லாபம் நான்காகப் பிரியும், ஒவ்வொருவரும் தம் பங்குக்குத் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். விலை 50 லட்சமோ மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறையில் கட்டியாக வேண்டும். விற்பவர்களில் ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருப்பவர் என்றால் இந்த ஒரு சதவீதக் கணக்கு அவர் பங்குக்குப் பொருந்தாது, பிடித்தம் அதைவிடப் பல மடங்கு. குறைந்த விகிதத்துக்கான சான்றை அவர் முன்கூட்டியே வருமான வரித்துறையிடம் வாங்கி வைக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள்.